கொட்டியாரக் குடாவைக் கடந்த விலங்குக் கலம்

சின்னம்மாவின் உயிரியல் வகுப்பில் 'செல்' என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. இந்தியப் புத்தகம் எதையாவது பார்த்துவிட்டு வந்த பிள்ளை, "ரீச்சர், செல் எண்டா..." என்று வாயைத் திறந்தால் முன்வரிசை மேசைக்குக் கீழே போய்விடும். மூதூரில் அந்த வருடங்களில் செல் என்றால் வானத்தால் வருவது, விழுந்து வெடிப்பது. உயிருள்ள உடம்பெல்லாம் எதனால் கட்டப்பட்டிருக்கிறதோ அதற்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்த பெயர் கலம். "கலம் எண்டு சொல்லுங்கோ. வடிவான சொல். ஒருத்தரும் மேசைக்குக் கீழ போகத் தேவையில்லை" என்பார் சின்னம்மா. அந்த வடிவான சொல்தான் பிறகு அவரைக் கடலுக்குள் இறக்கியது.

சின்னம்மா என்று நான் சொல்வது என் அம்மாவின் தங்கை கமலாதேவியை. பிறந்தது திரியாயில். எண்பத்தைந்தில் ஊரே வெளிக்கிட்டபோது அவரும் ஒரு பையில் உடுப்பும் மற்றப் பையில் விலங்கியல் புத்தகமும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து மூதூருக்கு நியமனம் பெற்றார். பிழையான படம் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கலியாண வீட்டுக் கோலத்தைப் பார்த்தும், "இதின்ர சமச்சீர் சரியில்லை" என்பார். பெண் பார்க்க வந்த ஒரு தபாற்கந்தோர் மாப்பிள்ளை, இதயம் முழுக்க ஆசையோடு வந்திருப்பதாகச் சொல்ல, "இதயம் முழுக்க இருக்கிறது குருதி" என்று திருத்தியிருக்கிறார். அதன் பிறகு வீட்டில் ஒருவரும் அவரைக் கலியாணத்துக்குக் கரைச்சல்படுத்தவில்லை.

மூதூரில் அவர் முத்தலிப், றுக்கியா தம்பதியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். முத்தலிப் பைபர்கிளாஸ் வள்ளம் கட்டுபவர். கடலுக்குப் போகத் தடை வந்ததால் வள்ளம் கேட்டு ஒருவரும் வருவதில்லை; பகல் முழுவதும் வாசலில் இருந்து வானொலிச் செய்தியோடு வாக்குவாதப்படுவார். றுக்கியா வாரத்தில் இரண்டு நாள் தோசைக்கு அரைப்பார். ஆட்டுக்கல் சத்தம் கேட்டால் சின்னம்மா கொப்பிகளை மூடிவைத்துவிட்டுக் குசினிப் பக்கம் வந்துவிடுவார்.

தொண்ணூற்றேழில் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. செய்முறை வசதி இல்லாத பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மூடப்படும். வசதி இருக்கிறதென்றால் திருகோணமலையில் நடக்கும் கண்காட்சியில் அதைக் காட்டவேண்டும். சின்னம்மாவின் பள்ளிக்கூடத்தில் இருந்த செய்முறை வசதி ஒரு நுணுக்குக்காட்டி. கடற்காற்றில் அதன் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெங்காயத் தோலை வைத்தாலும் பூஞ்சணம், தவளையின் தோலை வைத்தாலும் பூஞ்சணம். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூஞ்சணம் பற்றிய கேள்விக்கு மட்டும் மிக நன்றாக விடை எழுதினார்கள்.

பிரிவை மூடினால் என்ன நடக்கும் என்று சின்னம்மாவுக்குத் தெரியும். விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை நாளாந்தம் லோஞ்ச் என்ற பயணிகள் படகில் குடாவைக் கடந்து பட்டினத்துக்குப் போகவேண்டும். இங்கே சோதனை, அங்கே சோதனை, நடுவில் கடல். எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். வகுப்பில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். மருத்துவம், விவசாயம் எல்லாம் அந்த இறங்குதுறையோடு முடிந்துவிடும்.

"ஒரு கலம் செய்வம்" என்றார் சின்னம்மா பள்ளிக்கூட அதிபர் சின்னராசாவிடம். "நுணுக்குக்காட்டி இல்லாமலே பாக்கக்கூடிய கலம். மாட்டுவண்டி அளவில."

சின்னராசா கணக்குப் படிப்பித்தவர். எதையும் மறுப்பதற்கு முன் ஆங்கிலத்தில் யோசிப்பார். யோசித்துவிட்டு, "ஆர் செய்யிறது?" என்றார்.

செய்தது முத்தலிப். கலத்தைச் சுற்றி மெல்லிய மென்சவ்வு இருக்கும், அதற்குள்ளே குழியவுரு என்ற பாகுபோன்ற பாணி, அதில் மிதக்கும் உறுப்புகள் என்று சின்னம்மா குசினித் தரையில் கரியால் கீறிக் காட்டினார். முத்தலிப் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"முன்பக்கம் கூர் வேணாமா, ரீச்சர்?"

"கலத்துக்கு முன்பக்கம் இல்லை, முத்தலிப்."

"முன்பக்கம் இல்லாம எப்பிடி ஒண்டைக் கட்டுற?"

அது அவருடைய கைக்கு ஏலாத காரியம். நீளவட்டமாகத் தொடங்கியது இரண்டு நாளில் தானாகவே கூரான அணியமும் பின்னணியமும் எடுத்தது. மேல்பாதி ஒரு மூடி. கீழ்பாதி, யார் பார்த்தாலும், சிறு வள்ளம். நிறமும் அப்படித்தான். சின்னம்மா கேட்டது இளமஞ்சள். கையிருப்பில் இருந்தது வள்ளத்தின் அடிக்குப் பூசும் சிவப்பு.

உறுப்புகள் பற்றியும் இருவருக்கும் கதை சரிவரவில்லை. கலத்துக்குள்ளே மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் ஒரு சவ்வுத் தொகுதிக்குப் பாடப்புத்தகத்தில் அகமுதலுருச் சிறுவலை என்று பெயர். சின்னம்மா அதைச் சொன்னதுதான் தாமதம், முத்தலிப் பின்னுக்குப் போய் ஒரு வலையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எத்தின விரல் கண் வேணும், ரீச்சர்? இது ரெண்டு விரல். சாளை வலை."

"உண்மையான வலை இல்லை, அது பேர்."

"வலையெண்டு பேரை வெச்சிப்போட்டு வலை இல்லையாம்! ஒங்கட படிப்பு எனக்கு வெளங்கல்ல."

கடைசியில் வலையே உள்ளே போனது. சக்தி தரும் இழைமணிகளுக்கு வெறும் ரின்மீன் தகரப் பேணிகள். அடுக்கடுக்காக இருக்கும் கொல்கி உபகரணத்துக்குத் தேய்ந்த றப்பர் செருப்புகள். எல்லாவற்றையும் நடத்தும் கருவுக்கு உருண்டையாக, பாரமாக, நடுவில் அசையாமல் இருக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. முத்தலிப் றுக்கியாவின் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கினார்.

"அது என்ர குழவி" என்றார் றுக்கியா.

"கண்காச்சி முடிய வந்திரும்."

"வராட்டி?"

"வராட்டி நான் அரைக்கிறன்."

"நீங்க அரைச்சி நான் தின்னுறதா? அந்தக் கெதி எனக்கு வேணாம்."

மென்சவ்வில் துளைகள் இருக்கவேண்டும் என்று சின்னம்மா பிடிவாதமாக நின்றார். கலத்துக்கு வேண்டியது உள்ளே வர, வேண்டாதது வெளியே போக அவைதான் வாசல். வகுப்பில் அவர் இதை விளக்கும் முறையே வேறு: "இறங்குதுறைச் சோதனைச்சாவடி மாதிரி. சீனி போகும், பற்றரி போகாது. ஆனா சவ்வுக்கு எதை விடவேணும் எண்டு தெரியும்." முத்தலிப் துளைபோடும் கருவியோடு வந்து, முகத்தில் பெரும் துக்கத்தோடு, தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தான் கட்டிய ஒன்றின் அடியில் ஓட்டை போட்டார்.

கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோக அனுமதி வேண்டும். அதிபர் தமிழில் விண்ணப்பம் எழுதினார்: 'எமது பாடசாலையின் விலங்குக் கலம் ஒன்றை மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுசெல்ல அனுமதி தரவும்.' அது துறைமுகப் பக்கம் ஒரு கந்தோருக்குப் போய், அங்கே சிங்களத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றியவர் இரு மொழியும் நன்கு தெரிந்தவர். அவர் மேசைக்கு வரும் தாள்களில் மீன்பிடிக் கலம், போர்க்கலம், சரக்குக் கலம் என்று எத்தனையோ கலம் வந்துபோகும், எல்லாம் மிதப்பவை. உயிரியல் கலத்துக்குச் சிங்களத்தில் 'சைலய' என்று பெயர் என்பதை அங்கே உட்கார்ந்து யார் நினைப்பார்கள்? 'சத்வ யாத்ராவ' என்று எழுதினார். சத்வ என்றால் விலங்கு, அது சரி. யாத்ராவ என்றால் கப்பல், வள்ளம், படகு. விலங்குகளை ஏற்றும் மரக்கலம் ஒன்று மூதூரிலிருந்து புறப்பட இருப்பதாக ஒப்பமும் முத்திரையும் வைத்து அனுமதி வந்தது. அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முத்திரை வடிவாக விழுந்திருந்ததால் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள்.

இறங்குதுறையில் தறப்பாள் நிழலில் ஓர் அதிகாரி கதிரையில் இருந்தார். அவரின் பெயரை எனக்குச் சொன்னார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதை எழுத எனக்குக் கை வரவில்லை, அவர் கெட்டவர் என்பதால் அல்ல, பழைய பயத்தால். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய். வண்டிலில் வந்த சிவப்புப் பொருளையும் தாளையும் இருவரும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"அம்மா, மிருகம் எங்க?" என்று கேட்டார் சிப்பாய்.

சின்னம்மாவுக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. எந்த விலங்கின் கலம் என்று கேட்கிற அளவுக்கு விபரமான பொடியன் என்று நினைத்துவிட்டார். "இது எல்லா மிருகத்துக்கும் பொது, தம்பி. மாட்டுக்கும் இதுதான், குதிரைக்கும் இதுதான். உங்களுக்கும் எனக்கும் இதுதான்."

சிப்பாய் திரும்பி அதிகாரியிடம் சொன்னார்: மாடு, குதிரை, ஆட்கள், எல்லாரும் இதில்தான் போகிறார்களாம்.

அதிகாரி அந்தச் சிறிய தொட்டியை இன்னொருமுறை பார்த்தார். "பவர் எங்கயால?" என்று அடுத்த கேள்வி வந்தது.

"இழைமணி. இதில கொஞ்சம்தான் வைச்சிருக்கிறம். உண்மையில ஈரல் கலம் ஒண்டை எடுத்தீங்கள் எண்டால் ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

ஆயிரம் எஞ்சின் என்று போனது மொழிபெயர்ப்பு. பதினைந்து குதிரைவலுவுக்கு மேல் ஓர் எஞ்சின் வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போகும் காலம். அதிகாரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"ஓட்டுறது ஆர்? கொன்ரோல் பண்ணுறது ஆர்?"

"கரு" என்றார் சின்னம்மா.

இந்த முறை மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அதிகாரியின் முகமே மாறிவிட்டது. கருணாரத்ன, கருணாதிலக்க, கருணாசேன, யாராக இருந்தாலும் சிங்களத்தில் செல்லமாகக் கூப்பிடுவது கரு என்றுதான். நம்முடைய ஆள் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்றால் விசயம் வேறு. கரு மஹத்தயா இப்போது எங்கே என்று மரியாதையாக விசாரிக்கச் சொன்னார்.

"உள்ளுக்குத்தான். நடுவில."

அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். செருப்புகளுக்கும் பேணிகளுக்கும் நடுவில், சாளை வலையைப் போர்த்திக்கொண்டு, றுக்கியாவின் குழவி இருந்தது.

நிலைமை கைமீறுவதை உணர்ந்த அதிபர் சின்னராசா முன்னுக்கு வந்தார். தன் ஆங்கிலத்தில் அவருக்கு நம்பிக்கை அதிகம். கையை உயர்த்தி, இறங்குதுறை முழுவதும் கேட்கும்படி, "சேர்! இட் இஸ் ஒன்லி எ செல்!" என்றார்.

லோஞ்சுக்கு நின்ற வரிசை ஒரே வீச்சில் நிலத்தில் படுத்தது. கோழிக் கூடையோடு நின்ற மனிசன் கூடையின் மேலேயே படுத்தார். ஆட்கள் படுப்பதைப் பார்த்த சிப்பாய்களும் படுத்தார்கள். சிப்பாய்களே படுத்துவிட்டதைப் பார்த்து அதிகாரியும் படுத்தார். நின்றது சின்னம்மாவும் சின்னராசாவும் மட்டும்.

"சேர், வகுப்புச் சட்டத்தை மறந்திட்டீங்கள்" என்றார் சின்னம்மா.

எல்லோரும் தூசு தட்டி எழும்ப நேரம் எடுத்தது. கோபப்படவும் முடியாத, சிரிக்கவும் முடியாத நிலையில் அதிகாரி தாளைத் திரும்ப வாசித்தார். அவருக்கு இது கடலில் ஓடும் கலம் இல்லை என்று இப்போது தெரியும். ஆனால் தாளில் யாத்ராவ என்று இருக்கிறது. மேலதிகாரி ஒப்பம் வைத்திருக்கிறார். தாளைப் பிழை என்று சொன்னால் தனக்குத்தான் கரைச்சல். எனவே தாளின்படியே நடப்பது என்று முடிவெடுத்தார். ஒரு கலத்தை இன்னொரு கலத்தில் ஏற்ற அனுமதி இல்லை. ஆகவே லோஞ்சில் ஏற்றமுடியாது. கலம் என்றால் கடலில் போகவேண்டும். பதிவு இலக்கம் வேண்டும். அங்கேயே ஓர் இலக்கம் எழுதித் தந்தார். உள்ளே வலை இருக்கிறது, மீன்பிடி அனுமதி இல்லை. ஆகவே வலையை இறக்கவேண்டும்.

"அகமுதலுருச் சிறுவலை இல்லாமல் புரதம் எப்பிடிப் போய்ச்சேருறது?" என்று சின்னம்மா வாதாடினார்.

"புரதம் எண்டா மீன்தானே, அம்மா? அதுதான் தடை" என்றார் சிப்பாய்.

அப்படியாகத்தான் அந்த விலங்குக் கலம், பக்கத்தில் வெள்ளைப் பூச்சில் இலக்கத்தோடு, லோஞ்சின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டுக் குடாவில் இறங்கியது. கலத்துக்கு ஓட்டி வேண்டும் என்பதால் முத்தலிப் ஏறினார். தன்னைத் தவிர ஒருவருக்கும் இதைப் பொருத்தத் தெரியாது என்று சின்னம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். அதிபர் லோஞ்சில். வகுப்பின் சார்பில் வந்த றஹ்மா என்ற மாணவி லோஞ்சின் பின்பக்கம் நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டாள்.

துளைகளை முத்தலிப் சவர்க்காரம் வைத்து அடைத்திருந்தார். பாதிக் குடா தாண்டச் சவர்க்காரம் கரைந்தது.

"ரீச்சர்! தண்ணி ஏறுது!" என்று லோஞ்சிலிருந்து றஹ்மா கத்தினாள்.

"தெரியும்! இருந்து பாடம் எடுக்காத, கயித்தைப் பார்!"

"இந்த ஓட்டை வேணாமெண்டு நான் சொன்னன்" என்றார் முத்தலிப், பேணியால் தண்ணீரை அள்ளி ஊற்றியபடி. "வள்ளம் கட்டுற மனிசனைக் கொண்டு ஓட்டை போடுவிச்சீங்க. அல்லாஹ் பாத்துக்கொண்டுதான் இருந்தான்."

"பாரத்தைக் குறைக்க வேணும்."

"அப்ப நீங்க இறங்குங்க."

"முத்தலிப்!"

மூடி முதலில் போனது. அலை அதை எடுத்துக்கொண்டு சம்பூர்ப் பக்கமாகப் போயிற்று. பிறகு செருப்புகள். கொல்கி உபகரணம் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மிதந்து மறைவதைச் சின்னம்மா பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அள்ளப் பேணி தேவைப்பட்டதால் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்தார்கள். அப்படியும் விளிம்புக்கும் கடலுக்கும் இடையில் நாலு விரல்தான் இருந்தது.

இருவரும் குழவியைப் பார்த்தார்கள்.

"கருவை எறிஞ்சால் அது கலமே இல்லை" என்றார் சின்னம்மா. "பிரிவை மூடிவிடுவாங்கள், முத்தலிப். அந்தப் பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது?"

"கருவை எறியாட்டி நாமளும் இல்லை, ரீச்சர். செத்த ஆள் படிப்பிக்கேலா."

முத்தலிப் குழவியைத் தூக்கினார். கடலில் போட முன் ஒரு கணம் அதை நெஞ்சோடு வைத்திருந்தார். "றுக்கியா என்னைக் கொல்லப்போறா" என்றார். பிறகு கை விட்டது. கலம் ஒரு சாண் மேலே எழும்பிற்று.

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் அள்ளினார். கருவில்லாமல், இழைமணியில்லாமல், உள்ளே ஒன்றுமேயில்லாமல் இப்படி மிதந்து போகிற ஒரு சிவப்புப் பொருளைக் கண்காட்சியில் என்னவென்று வைப்பது? அள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன ரீச்சர், அள்ளுங்க!"

"முத்தலிப், இது சிவப்பு!"

"அத இப்பதான் கண்டீங்களா?"

"கரு இல்லை! இழைமணி இல்லை! சிறுவலையும் இல்லை! முத்தலிப், இது செங்குழியம்!"

குருதியில் ஒட்சிசன் சுமந்து ஓடும் சிவப்புக் கலம் அது. மனித உடம்பில் அது முதிரும்போது கருவை வெளியே தள்ளிவிடும், இழைமணிகளையும் இழந்துவிடும். சுமை ஏற்றுவதற்காக உள்ளே இடம் விட்டு, ஓட்டத்தோடு போகும். சின்னம்மா சேலையோடு நனைந்தபடி இதை முத்தலிப்புக்கு விளக்க, அவர் அள்ளிக்கொண்டே கேட்டார்.

ஒன்றுதான் குறை: செங்குழியம் இரு பக்கமும் குழிந்த தட்டு. திருகோணமலை இறங்குதுறையில் அதுவும் தீர்ந்தது. கயிற்றை அவிழ்க்கும்போது அலை அதைச் சீமெந்துத் தூணில் ஒருமுறை அடித்தது, லோஞ்சின் பக்கத்தில் மறுமுறை அடித்தது. இங்கால் ஒரு குழி, அங்கால் ஒரு குழி.

கண்காட்சி மண்டபத்தில் நடுவர்களுக்குத் தலைவராக இருந்தவர் பாக்கியரத்தினம் என்ற கல்வி அதிகாரி. கண்காட்சிக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் பொதுவான விலங்குக் கலம், கரு உட்பட, என்று இருந்தது. அவர் நனைந்த சின்னம்மாவைப் பார்த்தார், ஈரம் சொட்டும் சிவப்புப் பொருளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த பதிவு இலக்கத்தைப் பார்த்தார்.

"கரு எங்க, ரீச்சர்?"

"செங்குழியத்துக்குக் கரு இல்லை, சேர். முதிரேக்க வெளிய போட்டிடும்."

"எங்க போட்டது?"

"குடாவில, சேர்" என்றார் சின்னராசா, கடல் மயக்கம் தெளியாமல்.

பாக்கியரத்தினம் சரி பிழை சொல்லும் தைரியம் இல்லாதவர். ஆனால் பிரிவை மூடவும் மனம் வராதவர். செங்குழியத்தின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டார். கிட்டத்தட்ட நாலு மாதம் என்றார் சின்னம்மா. அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. 'காட்சிப்படுத்தப்பட்ட கலத்தின் ஆயுட்காலத்துக்கு' உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடரலாம் என்று எழுதி ஒப்பமிட்டார்.

வீடு திரும்பியதும் றுக்கியா முத்தலிப்போடு ஒரு கிழமை கதைக்கவில்லை. இலக்கம் கிடைத்த கலத்தை முத்தலிப் துளை அடைத்துத் திருத்தி வைத்துக்கொண்டார். தடைக்காலத்தில் அந்தப் பக்கம் செல்லுபடியான அனுமதியோடு கரையில் நின்றது அது ஒன்றுதான். மறித்தால், "விலங்கு ஏத்துற யாத்ராவ, சேர். மீனும் விலங்குதானே, எங்கட ரீச்சர்ட்டக் கேளுங்க" என்பார். முதல் தடவை பிடித்த மீனை விற்ற காசுக்குக் கிண்ணியாவிலிருந்து புதுக் குழவி வந்தது.

நாலு மாதம் முடிய முன் சின்னம்மா கந்தோருக்கு எழுதினார். பழைய செங்குழியங்கள் மண்ணீரலில் அழிய அழிய, எலும்புக்குள் இருக்கும் என்புமச்சையில் புதியவை உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே பிரிவை நீடித்துத் தரவும். யோகலிங்கம் என்ற கந்தோர் எழுதுவினைஞருக்கு அதை மறுக்க விதி எதுவும் கிடைக்கவில்லை. நீடித்துத் தந்தார். அடுத்த நாலு மாதத்துக்குச் சின்னம்மா வேறு காரணம் எழுதினார். அதற்கடுத்த தரம் இன்னொன்று. பிரிவை நிரந்தரமாக்கும்படி கேட்டால் கோப்பை முதலிலிருந்து பார்ப்பார்கள், குடாவில் போன கருவைப் பற்றிக் கேட்பார்கள் என்ற பயத்தில் ஒருபோதும் கேட்கவில்லை. நான் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தால், "பொறு பிள்ளை, கலத்தைப் புதுப்பிச்சுப்போட்டு வாறன்" என்பார். றஹ்மா விவசாயபீடத்துக்கு எடுபட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர். எல்லோரும் நாலு நாலு மாதமாகப் படித்தவர்கள்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் மூதூர் சனம் எல்லாம் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டது. சின்னம்மாவும் றுக்கியா குடும்பத்தோடு நடந்து கந்தளாய்க்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகளில் பாதிப்பேர் குளக்கட்டுப் பக்கத்துக் கூடாரங்களில், பாதிப்பேர் பேராற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். இரு முகாமுக்கும் இடையில் போய்வர எப்போதும் விடமாட்டார்கள். நீடிப்பு முடிகிற மாதம் அது. கட்டடம் இல்லை, வகுப்பு இரு துண்டு. இந்த முறை மூடிவிடுவார்கள் என்றே சின்னம்மா நம்பினார். இரவெல்லாம் தறப்பாளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததாக எனக்குச் சொன்னார்.

இடம்பெயர்ந்த மாணவர்களைப் பதிய யோகலிங்கம் முகாமுக்கு வந்தார். சின்னம்மாவை அவர் நேரில் காண்பது அதுதான் முதல்முறை. றுக்கியா கவிழ்த்து வைத்த பானையை மேசையாகக் கொடுத்தார்.

"பிரிவு ரெண்டாப் பிரிஞ்சு போச்சுது, தம்பி" என்றார் சின்னம்மா. "கலப்பிரிவு மாதிரி. ஒண்டு ரெண்டாகும். ஆனபடியால் ரெண்டு அனுமதி தாங்கோ. குளக்கட்டுக்கு ஒண்டு, பேராற்றுக்கு ஒண்டு."

யோகலிங்கம் பேனையை மூடினார். "அது ஏலாது, ரீச்சர்."

"ஏன் ஏலாது?"

"செங்குழியம் பிரியாது. அதுக்குக் கரு இல்லை. நீங்கள்தானே தொண்ணூற்றெட்டு வைகாசியில எழுதினனீங்கள்."

இத்தனை வருடம் படிப்பித்ததில் ஒரு பிள்ளையும் சின்னம்மாவை இப்படி மடக்கியதில்லை. யோகலிங்கம் சங்கடத்தோடு நெளிந்தார். "நான் எல்லாத்தையும் வாசிச்சனான், ரீச்சர். ஒவ்வொரு கடிதமும். தர விருப்பம்தான். ஆனா கோப்பில முன்னுக்குப் பின் முரணா இருக்கக்கூடாது."

"அப்ப கலத்தை மாத்துங்கோ."

"எதுக்கு மாத்த?"

சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் இருப்பவர் போல யோசித்தார். "மூலக்கலம் எண்டு போடுங்கோ. என்புமச்சையில இருக்கிறது. செங்குழியத்தைப் பெறுகிறதே அதுதான். அதுக்குக் கரு இருக்கு. அது பிரியும்."

"பிரிஞ்சால்?"

"ஒண்டு தான் இருந்தபடி இருக்கும். மற்றது வேற வேலைக்குப் போகும். ரெண்டும் உயிரோட இருக்கும்."

யோகலிங்கம் இரண்டு தாள்களை எடுத்து மூலக்கலம் என்று எழுதினார். பிறகு தாளில் நிரப்பவேண்டிய அடுத்த கூட்டுக்கு வந்து நின்றார். "ஆயுள் எவ்வளவு? செங்குழியத்துக்கு நாலு மாதம் போட்டது. இதுக்கு என்ன போட?"

ஆறு மாதம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் என்றாலும் அவர் எழுதியிருப்பார். ஆனால் சின்னம்மாவுக்குப் பிழையான விடை சொல்ல வாய் வராது.

"உடம்பு இருக்கிற வரைக்கும்."

"அப்பிடி எழுத இந்தக் கூடு காணாது, ரீச்சர். திகதி மட்டும்தான் போடலாம்."

"அதுக்குத் திகதி இல்லை."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி விடுங்கோ."

யோகலிங்கம் சின்னம்மாவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இரண்டிலும் அந்தக் கூட்டை வெறுமையாக விட்டு, கீழே முத்திரை குத்தினார். கச்சான் காற்று கூடாரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மை காயும்வரை தாள்கள் பறந்துவிடாதபடி, பானையின் மேல் ஆளுக்கொரு கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு இருவரும் அப்படியே இருந்தார்கள்.